எண் சொல்வதும் மண் மறைப்பதும்

உலோகம் தேடும் கருவியின் திரையில் ஓர் எண் தோன்றிய மாத்திரத்தில், மண்ணுக்குள் கிடப்பது இன்ன உலோகம், இன்ன பொருள் என்று நிச்சயித்துவிடலாம் என்னும் நம்பிக்கை, நாணயமும் நகையும் தோண்டியெடுக்கும் காணொளிகள் செல்பேசிதோறும் வந்து நிறையத் தொடங்கியதிலிருந்து நம் ஜனங்களிடையே வேரூன்றிவருகிறது. அந்த நம்பிக்கை பாதிக்குமேல் பிழையானது என்பதும், ஏலமலையின் விளிம்பில் தமிழகமும் கேரளமும் சந்திக்கும் குமுளியைப் போன்ற ஓரிடத்தில் அது இன்னும் அதிகப் பிழையாகும் என்பதும், அப்பிழையால் விளையும் நஷ்டம் தோண்டுகிறவன் ஒருவனோடு நின்றுவிடாமல் ஒரு பள்ளத்தாக்கின் சரித்திரத்தையே தீண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கருவி செய்வது என்ன என்பதை முதலில் பார்க்கவேண்டும். அதன் அடியில் வட்டமாக அமைந்த சுருளொன்று மாறுமின்சாரத்தின் உதவியால் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அப்புலம் வழியில் ஓர் உலோகத்தைத் தொட்டால் அதில் சுழல்மின்னோட்டம் எழுகிறது. அந்தச் சுழலோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, அதனை மற்றொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் இடையில் உள்ள மிக நுண்ணிய காலப் பின்னடைவைக் கணித்து, அதனை ஓர் அளவுகோலில் எண்ணாக்கிக் காட்டுவதே இன்றைய மெட்டல் டிடெக்டர்கள் பலவற்றின் தொழில். 0 முதல் 99 வரை எண் காட்டும் கருவிகளில், பொதுவாக, கீழ்ப்பகுதி இரும்புக்கும், நடுப்பகுதி மெல்லிய தகட்டுக்கும் நிக்கல் கலந்த நாணயத்துக்கும், மேற்பகுதி செம்புக்கும் வெள்ளிக்கும் உரியதாகும். இவ்வளவில் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். ஆனால் அந்தப் பின்னடைவு உலோகத்தின் ஜாதியை மட்டும் பொறுத்து அமைவதில்லை. அதன் கனம், அகலம், வடிவம், கிடக்கும் கோணம், உடைந்திருக்கிறதா முழுமையாக இருக்கிறதா என்பது ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதனை நிர்ணயிக்கின்றன. ஒரே வெள்ளியால் ஆன மூக்குத்தியும் கொலுசும் ஒரே எண்ணைக் காட்டமாட்டா. முற்றிலும் வேறான இரண்டு உலோகங்கள், ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்துவிட்டால், ஒரே எண்ணைக் காட்டி நிற்கும்.

இதனால் மிகப் பெரிய ஏமாற்றத்துக்கு உள்ளாவது பொன் தேடுகிறவன்தான். வெள்ளிக்கும் செம்புக்கும் அடுத்தபடியாக மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் பொன். ஆகவே அதன் எண் உயரத்தில் இருக்கவேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் மண்ணில் விழுந்து தொலையும் பொன் பாளமாகக் கிடப்பதில்லை. மெல்லிய மோதிரமாக, தோடாக, அறுந்த சங்கிலியின் துண்டாகவே அது கிடக்கிறது. அதிலும் நம் நகைகளில் சேர்க்கப்படும் செம்பும் வெள்ளியும், தனித்தனியே சிறந்த கடத்திகளாயிருந்தும், பொன்னோடு கலந்ததும் அக்கலவையின் கடத்துதிறனை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. ஆதலால் நகைப்பொன்னின் எண் அளவுகோலின் நடுவே, அலுமினியத் தகடும் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளும் மாத்திரை அட்டையின் ஓரமும் கூடிக் கிடக்கும் அதே இடத்தில்தான் போய் விழுகிறது. நடு எண்களை ஒதுக்கிவிட்டு உயர்ந்த எண்களை மட்டும் தோண்டுகிறவன் குப்பையை மட்டுமின்றிப் பொன்னையும் சேர்த்தே ஒதுக்குகிறான். நகைக்கடைகளில் உள்ள காரட் மீட்டர் பொன்னின் மாற்றைச் சொல்கிறதே என்று கேட்கலாம். அது பொருளைத் தன்முன்னே வைத்துக்கொண்டு ஊடுகதிரால் அதன் மேற்பரப்பை ஆராயும் வேறொரு சாதனம். மண்ணுக்குள் ஒரு முழ ஆழத்தில் கிடப்பதைப் பார்த்து, இது பொன், இது பித்தளை என்று ஐயமின்றிப் பிரித்துச் சொல்லும் கைக்கருவி எதுவும் உலகில் இல்லை.

நம் தர்க்க சாஸ்திரிகள் அறிவின் வழிகளைப் பிரத்தியட்சம், அனுமானம் என்று பிரித்து, புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதை உதாரணமாகக் காட்டியபோதே, புகைபோல் தோன்றும் பனிமூட்டத்தைக் கண்டு நெருப்பென்று மயங்குவதையும் குற்றமுள்ள அனுமானமாக எடுத்துரைத்தனர். குமுளியில் விடியற்காலையில் மலைச்சரிவுகளை நோக்குகிற எவருக்கும் அந்த எச்சரிக்கையின் அருமை விளங்கும். கருவியின் எண் அனுமானத்துக்கு ஒரு ஹேது, அதாவது ஓர் அடையாளக் காரணம்; அவ்வளவே. அது புகையா பனியா என்று தீர்மானிப்பதற்கு அந்த எண்ணிலேயே ஆதாரம் கிடையாது.

இனிக் குமுளியின் மண்ணுக்கு வருவோம். கேரளத்தின் மண்ணில் இரும்பின் ஆட்சி மிகப் பெரிது. செம்பூரான் கல் என்று நாமும் வெட்டுகல் என்று மலையாளிகளும் வழங்கும் கல்லுக்கு லேட்டரைட் என்னும் விஞ்ஞானப் பெயரை 1807ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் இட்டது இதே கேரளத்தின் அங்காடிப்புறத்தைக் கண்டுதான். மேற்குத்தொடர்ச்சி மலையின் செம்மண்ணில் கலந்துள்ள இரும்பு ஆக்ஸைடுகளில் சில காந்தத் தன்மை உடையவை. அவை கருவிக்குத் தாமே ஒரு சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகின்றன. இதனைக் கழித்துவிடுவதற்காகவே கருவியை அந்தந்த மண்ணுக்கு ஏற்றபடி சமன்செய்யும் ஏற்பாடு உண்டு. ஆயினும் ஏலத்தோட்டத்தில் பத்தடி நடப்பதற்குள், இலைமக்கு நிறைந்த கருமண்ணும் அதன்கீழ் வெட்டுண்ட செம்மண்ணும் பாறை உடைந்த பருக்கையும் மாறிமாறி வருமாகையால், ஓரிடத்தில் செய்த சமன் அடுத்த இடத்துக்குப் பொருந்தாமற்போகிறது. மண்ணின் சமிக்ஞை ஓங்க ஓங்க, ஆழத்தில் கிடக்கும் பொருளின் எண் தன் இயல்பான இடத்தை விட்டு இரும்பின் பக்கமாக இழுபடுவதும், ஒவ்வொரு வீச்சிலும் ஒவ்வோர் எண்ணாகத் தடுமாறுவதும் வழக்கம். மணற்பாங்கான கடற்கரையில் பரீட்சித்து எழுதப்பட்ட விளம்பரத்தை நம்பி வாங்கியவர் இங்கே வந்து கருவி கெட்டுவிட்டதோ என்று சந்தேகிப்பார். கருவி கெடவில்லை; மண் வேறு.

மண்ணில் கிடக்கும் பொருள்களும் வேறு. முல்லைப்பெரியாற்று அணைக்கான குத்தகை 1886இல் கையெழுத்தாகி, பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் எழுந்த அணை 1895இல் திறக்கப்பட்ட காலத்துக்கு முன்னும் பின்னும், மலைப்பாதையில் மனிதரும் மாடும் வண்டியும் ஏறி இறங்கிய வண்ணமாகவே இருந்திருக்கின்றனர். மாட்டு லாடம், லாட ஆணி, வண்டிச்சக்கரத்தின் இரும்புப் பட்டா, அரிவாள் முனை, கவ்வாத்துக் கத்தி, முள்கம்பி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைக்குழாய்த் தகடு, பிற்காலத்தில் லாரியின் நட்டும் வாஷரும், சபரிமலைப் பருவத்தில் இவ்வழி செல்லும் யாத்ரிகர் கூட்டம் சிந்திய சில்லறையும் சோடா மூடியும் எனக் காலத்துக்குக் காலம் இரும்பே இங்கே அதிகமாக விழுந்துள்ளது. இரும்புதானே, கருவி அதனைக் கீழ் எண்ணாகக் காட்டிவிடுமே என்று எண்ணவேண்டாம். சிறு ஆணி கீழ் எண்ணாகக் காட்டும். ஆனால் தட்டையான வாஷரும் வளையமும் சோடா மூடியும் பெரிய இரும்புத் தகடும் தம் வடிவத்தின் காரணமாக வெள்ளி நாணயத்துக்கு ஒப்பான உயர்ந்த எண்ணைக் காட்டி, அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது இத்தொழிலில் பிரசித்தம். மறுபுறத்தில், நல்ல நாணயம் ஒன்றின் பக்கத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடந்தால், இரண்டின் சமிக்ஞையும் கலந்து நடுவே ஓர் எண் பிறக்கும். அல்லது ஆணியின் குரலில் நாணயம் முழுவதும் மறைந்துவிடும். இரும்பை ஒதுக்கும் அமைப்பை முடுக்கிவைத்தவர் அந்த நாணயத்தின்மேல் கருவியை வீசிக்கொண்டே கடந்துபோவார்.

இன்னொரு சிக்கல், இந்த அளவுகோல்களை வகுத்தவர் யார் என்பதைப் பற்றியது. சந்தையில் கிடைக்கும் கருவிகள் பலவற்றின் திரையில் எண்ணுக்கு மேலே அச்சிடப்பட்டிருப்பவை அமெரிக்க நாணயங்களின் பெயர்கள். நம் நாணயங்கள் அந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. அடங்காததோடு, தமக்குள்ளேயே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆங்கில அரசின் ரூபாயை எடுத்துக்கொள்வோம். 11.66 கிராம் எடையும் நூற்றுக்குத் 91.7 பங்கு வெள்ளியும் கொண்டிருந்த அந்த நாணயத்தில், 1940 முதல் வெள்ளி நூற்றுக்கு ஐம்பது பங்காகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டின் ரூபாயோ சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும் தன்மை கொண்டது. முகம் ஒன்று, பெயர் ஒன்று, பருமனும் ஏறத்தாழ ஒன்று. கருவிக்கோ மூன்றும் மூன்று வேறு பொருள்கள். சுதந்திரத்துக்குப்பின் வந்த அறுகோண மூன்று பைசாவும் பின்னாளைய நெளிவிளிம்புப் பத்துப் பைசாவும் அலுமினியம். 1992 முதல் வந்த ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் துருவேறா எஃகு. எனவே குமுளிப் பேருந்து நிலையத்தருகே நேற்று விழுந்த ரூபாயைக் கருவி இரும்பென்று தள்ளிவிடுவதும், என்றோ தூக்கியெறிந்த அலுமினியக் கிண்ணத்தின் விளிம்பை அரிய பொருளென்று அறிவிப்பதும் நடக்கக்கூடியவையே.

இந்த மலைகள் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தவை என்பதால் அந்நாட்டின் பழைய நாணயங்களையும் கருதவேண்டும். கேரளம் முழுவதும் வழங்கிய பொற்பணம் அரை கிராமுக்கும் குறைந்த எடையுள்ளது. விரல் நகத்தின் பாதிகூட இராது. சரித்திரத்திலும் சந்தையிலும் மதிப்புள்ள அந்தப் பொற்பணம் மண்ணின் மேலேயே கிடந்தால் ஒரு வேளை ஈயத்தாளின் எண்ணைக் காட்டும். ஒரு சாண் ஆழத்தில் கிடந்தால் பொதுவான கருவிகளுக்கு அது இல்லாத பொருளே. இந்நாட்டில் தேடத்தக்கவற்றுள் சிறந்த பொருள் எதுவோ அதற்கே இக்கருவி ஏறக்குறையக் குருடு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆழம் காட்டும் அளவையும் இவ்வாறே கொள்ளவேண்டும். அது ஒரு நாணயம் அளவான பொருள் கிடக்கிறது என்று முன்கூட்டியே பாவித்துக்கொண்டு கணிக்கப்படுவது. ஆழத்தில் உள்ள செப்புக் குடத்தை மேலேயுள்ள காசாகவும், மேலேயுள்ள தோட்டின் திருகை ஆழத்திலுள்ள காசாகவும் அது சொல்லும். உயரழுத்த மின்கம்பிகளின் அடியில் கருவி காரணமின்றிப் பிதற்றுவதும் உண்டு. லோயர் கேம்ப் மின்நிலையத்தின் சுற்றுப்புறம் அதற்கு எடுத்துக்காட்டு.

இவ்வளவும் சொன்னதனால் கருவியே வீண் என்று நான் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. ஆழம் குறைந்த இடத்தில் தனியாகக் கிடக்கும் ஒரு பொருள் இரும்பா, இரும்பல்லாததா என்று பெரும்பாலும் சரியாகவே அது சொல்லிவிடும். கிழக்கு மேற்காக வீசியபோது வந்த எண்ணே வடக்குத் தெற்காக வீசும்போதும், சுருளைச் சற்று உயர்த்தும்போதும் மாறாமல் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. திசைக்குத் திசை மாறும் எண்ணை நம்பவே கூடாது. பழகிய காதுக்கு எண்ணைவிட ஒலியே மேலான சாட்சி: ஒலி வட்டமாகத் தொடங்கி வட்டமாக முடிகிறதா, விளிம்பில் பிசிறடிக்கிறதா என்பதில் எண்ணால் காட்டவொண்ணாத செய்தி அடங்கியிருக்கிறது. ஏலக்காய் பறிக்கும் பெண்ணொருத்தியின் தோடு தோட்டத்தில் விழுந்துவிட்டால், அதன் ஜோடியைக் கருவியின்முன் வைத்து எண்ணையும் ஒலியையும் அறிந்துகொண்டு, அவள் அன்று வேலை செய்த பத்தியில் மட்டும் பொறுமையாகத் தேடினால் கிடைப்பதற்கு இடமுண்டு. தேடுவது இன்னது என்று முன்பே தெரிந்திருக்கும்போது எண் துணை செய்கிறது. தெரியாத பொருளுக்கு அது பெயர் சூட்டத் துணியும்போதுதான் வழுக்கிவிழுகிறது.

இந்தச் சாதனத்தின் சரித்திரமே அத்தகைய ஒரு வழுக்கலில் தொடங்குகிறது. 1881 ஜூலை மாதம் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டு, உடலுக்குள் தங்கிய குண்டு இருக்குமிடம் தெரியாமல் வைத்தியர்கள் திகைத்தபோது, தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் மின்தூண்டலால் இயங்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு அவர் படுக்கைக்குச் சென்றார். கருவி ஒலித்தது, ஆனால் படுக்கையின் அடியில் இருந்த எஃகுச் சுருள்கள் அதனைக் குழப்பின, போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கத்தில்தான் உள்ளது என்று முன்பே முடிவு கட்டிவிட்ட தலைமை வைத்தியர் அந்தப் பக்கத்தை மட்டுமே பரிசோதிக்க இடங்கொடுத்தார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். ஜனாதிபதி செப்டம்பரில் உயிர் நீத்தார். சூழ்ந்துள்ள பிற உலோகத்தால் வரும் கலக்கம், தேடுகிறவனின் முன்முடிவால் வரும் கலக்கம் என்னும் இரண்டும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த அறையில் இருந்தன. இன்று ஏலத்தோட்டத்திலும் இருக்கின்றன.

சமிக்ஞையை எவ்விதம் மதிக்கவேண்டும் என்று எவரிடமாவது பாடம் கேட்கவேண்டுமானால், இலங்கையின் வடக்கில் மிதிவெடி அகற்றும் நம் தமிழ்ப் பெண்களிடம் கேட்கவேண்டும். 2002 முதல் ஹலோ டிரஸ்ட் என்னும் ஸ்தாபனமும், வேறு சில அமைப்புகளும், முகமாலை முதலிய இடங்களில் நடத்திவரும் அந்தப் பணியில், யுத்தத்தில் கணவரை இழந்த பெண்கள் பலர் கருவியைக் கையில் ஏந்தி மண்டியிட்டு அமர்ந்திருக்கின்றனர். அங்கே கருவி உலோகம் உண்டு என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக்கால் ஆன மிதிவெடிக்குள் உள்ள உலோகம் மிகச் சிறிது. அதன் குரலும் ஒரு துப்பாக்கிச் சன்னத்தின் குரலும் ஒரு கம்பித் துண்டின் குரலும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் எந்தச் சமிக்ஞையையும் குப்பை என்று ஊகித்துத் தள்ளிவிட அவர்களுக்கு உரிமை இல்லை. ஒவ்வொன்றும் மிதிவெடி என்றே பாவிக்கப்பட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணை விரற்கடை விரற்கடையாக நீக்கி, கண்ணால் கண்ட பிறகே இன்னதென்று முடிவு செய்யப்படுகிறது. உயிரைப் பணயம் வைத்துத் தேடுகிறவர்கள் ஊகத்தை நம்புவதில்லை.

குப்பையென்று தள்ளப்படும் இரும்பே தேடப்படும் பொருளாகவும் ஆகலாம் என்பதற்கு நம் காடுகளில் வேறொரு சாட்சி உண்டு. இந்தியாவின் புலிக்காப்பகங்களில் வேட்டைக்காரர் புதைத்துவைக்கும் இரும்புப் பொறிகளையும் சுருக்குக்கம்பிகளையும் கண்டுபிடிப்பதற்காக, காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு வனத்துறைகள் பலவற்றுக்கு ஆழ்தேடு டிடெக்டர்களை வழங்கிப் பயிற்சியும் அளித்துள்ளது. நாணயம் தேடுகிறவன் எந்த இரும்பை வேண்டாமென்று காதைப் பொத்திக்கொள்கிறானோ, அந்த இரும்பின் குரலுக்காகவே வனக்காவலர் செவி சாய்க்கிறார். பெரியாறு புலிக்காப்பகத்தின் வாயிலில் உள்ள ஊருக்கு, இக்கருவியின் மிக உயர்ந்த பிரயோஜனம் இதுவென்றே நான் சொல்லுவேன்.

எண்ணின் பலவீனத்தை அறியாத ஜனங்களிடம் அதனைக் காட்டிப் பணம் பறிக்கும் கூட்டங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கோபுரக் கலசத்தில் இரிடியம் ஏறியிருக்கிறது, அரிசியைத் தன்பால் இழுக்கும் பாத்திரம் கோடிக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லித் தமிழகத்திலும் கேரளத்திலும் மோசடி செய்தவர்கள் பிடிபட்ட செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். இரிடியத்துக்கு அரிசியை இழுக்கும் குணம் எதுவும் கிடையாது. அந்த வரிசையில் சேர்ந்தவையே, பல நூறு அடி தூரத்திலிருந்து தங்கத்தைச் சுட்டிக்காட்டும் என்று விற்கப்படும் கருவிகளும். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானைச் சற்றே உருமாற்றி, ஏடிஇ 651 என்று பெயரிட்டு, வெடிகுண்டு கண்டறியும் சாதனமென்று ஈராக் முதலிய நாடுகளுக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் மக்கார்மிக் என்பவனுக்கு லண்டன் நீதிமன்றம் 2013இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நம் நாட்டில் தோட்டத் தொழிலாளியின் சேமிப்பைக் கரைக்கும் இத்தகைய வியாபாரத்தைப் பேராசையின் கூலியென்று அலட்சியம் செய்வது நியாயமாகாது. வாங்குகிறவன் விஞ்ஞானத்தை நம்பித்தான் வாங்குகிறான். அந்த நம்பிக்கையைக் கொள்ளையடிப்பவனைத் தண்டிப்பது அரசின் கடமை.

எண் சரியாகவே இருந்துவிட்டால் மட்டும் என்ன என்பது அடுத்த கேள்வி. குமுளிக்குக் கீழே விரிந்த கம்பம் பள்ளத்தாக்கும் அதனைச் சூழ்ந்த மலைகளும் பழம்பொருள் நிறைந்த பூமி. முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகளின் புதையல் ஒன்று போடிநாயக்கனூரில் கிடைத்து, அது பாண்டியர் வெளியிட்டதாகலாம் என்ற ஆராய்ச்சிக்கு இடம் தந்தது. காசுகள் தனித்தனியே அன்றிக் கூட்டமாகக் கிடைத்ததனாலேயே அவற்றை ஒப்பிட்டு இத்தகைய முடிவுக்கு வர முடிந்தது என்பதை மறக்கலாகாது; அவை ஆளுக்கு ஒன்றாகச் சிதறியிருந்தால் வெறும் வெள்ளித் துண்டுகளாகவே மிஞ்சியிருக்கும். போடிநாயக்கனூர் அடங்கிய இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் குழுவினர் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என மதிக்கப்படும் அக்கற்கள், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனுக்குக் கல் நட்ட வழக்கத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. இப்பள்ளத்தாக்கு நமக்கு அளித்த பெரும் பொக்கிஷம் அதுவே. அதன்மேல் எத்தனை விலையுயர்ந்த கருவியை வீசினாலும் ஓர் ஒலியும் எழாது. கீழடியின் பானையோடுகளும் அவ்வாறே மௌனமாக இருக்கும். உலோகத்தின் குரலை மட்டும் கேட்டுக் குழிதோண்டுகிறவன், ஒரு காசை அடையும் வழியில் பானையோட்டையும் எலும்பையும் கரித்துண்டையும் கொத்திச் சிதைத்துக்கொண்டே இறங்குகிறான். காசின் காலத்தைச் சொல்லக்கூடிய சாட்சிகள் அவையே என்பது அவனுக்குத் தெரியாது.

முறையாக நடந்துகொண்ட ஒருவரின் கதையையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் என்னும் ஊரில், 1992 நவம்பரில், நண்பர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியுடன் சென்ற எரிக் லாஸ் என்பவருக்கு, ரோமானியர் காலத்துப் பொன், வெள்ளி நாணயங்கள் ஏறத்தாழ 15,000மும் நகைகளும் கரண்டிகளும் அடங்கிய புதையல் அகப்பட்டது. அவர் செய்த அருஞ்செயல், சிறிது தோண்டியதும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பியதுதான். மறுநாளே தொல்பொருளாய்வாளர் வந்து, எந்தப் பொருள் எதன்மேல் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தது என்பதையும், மக்கிப்போன மரப்பெட்டியின் அடையாளத்தையும் பதிவு செய்தனர். தேடிய சுத்தியலும் கிடைத்து, இன்று அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கருவியே இல்லாமல் அதே நேர்மையைக் காட்டியவர்கள் நம் பக்கத்திலும் இருக்கின்றனர். 2024 ஜூலையில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செங்களாயியில், ரப்பர்த் தோட்டமொன்றில் மழைக்குழி வெட்டிய நூறுநாள் வேலைப் பெண்கள், மண்ணிலிருந்து வெளிப்பட்ட பாத்திரத்தை வெடிகுண்டோ என்று முதலில் அஞ்சினர். உள்ளே பொற்பதக்கங்களும் மணிகளும் மோதிரங்களும் வெள்ளிக்காசுகளும் இருக்கக் கண்டும் அவற்றை மறைக்க முயலாமல், காவல்துறையிடம் சேரச்செய்தனர். கூலிக்கு மண் வெட்டும் அந்தப் பெண்களின் செயலைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தாலும் தகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதனைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும். உரிமை கொண்டாடுவோர் எவரும் இல்லையெனில், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்று அதிலேயே விதித்திருக்கிறது. கேரளம் 1968இல் தனக்கெனத் தனிப் புதையல் சட்டம் இயற்றியது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும், காப்பகக் காட்டுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் உள்ளன. ஆகவே, குமுளிக்கு அருகே காப்பகத்துக்குள் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலைச் சூழ்ந்த காட்டில் கருவியோடு திரிய எவருக்கும் உரிமை இல்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லைக்கோட்டின் இப்பக்கம் ஒரு சட்டமும் அப்பக்கம் மற்றொன்றுமாக உள்ள குமுளியில், தன் சொந்தத் தோட்டத்தில் குழிவெட்டும்போது ஒரு பானை தட்டுப்பட்டால் யாரிடம் போவது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் அரியர்.

இரண்டு அரசுகளும் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாத காரியம். கருவி விற்போர், அது பொன்னை இனங்காட்டாது என்பதையும், நம் நாணயங்களுக்கு அது காட்டும் எண்கள் எவை என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் பெட்டியின்மேல் அச்சிடவேண்டும் என்று கட்டளையிடலாம். சித்ரா பௌர்ணமிக் கண்ணகி விழாவுக்கு ஆண்டுதோறும் கூடித் திட்டமிடும் இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சிகள், அதே கூட்டத்தில் இதனையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டு, புதைபொருள் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டு எந்த அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும் என்பதை இரு மொழியிலும் எழுதிய பலகை ஒன்றைக் குமுளிச் சோதனைச்சாவடியின் இரு பக்கமும் நிறுத்தலாம். கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி உரியது இத்தனை நாளுக்குள் வழங்கப்படும் என்னும் வாக்குறுதியும் அப்பலகையிலேயே இருக்கவேண்டும். அந்த வாக்குறுதி இல்லாத வரையில், பானையைக் கண்டவன் அதனைக் கலெக்டரிடம் கொண்டுபோவதைவிட மூசையில் இட்டு உருக்கிவிடுவதையே இலாபமென்று கருதுவான்.